அறுபத்தொரு பேர் சரிபார்த்த திருத்தம்

கல்யாண வீட்டில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சோற்றுச் சஹனைத் தட்டிவிட்டால் பத்து வருடத்தில் ஊர் மறந்துவிடும். தொழுகைக்கு நடுவில் சட்டைப் பைக்குள் போன் பாட்டுப் பாடினால் அதையும் நாலு பெருநாளுக்குள் மறந்துவிடுவார்கள். இணையத்தில் மானம் போனால் போனது போனதுதான். நான் செய்த ஒரு வேலை இன்றைக்கும் அதே இடத்தில், அதே எழுத்துப் பிழைகளோடு கிடக்கிறது. யாரும் தேடி வாசிக்கலாம். என் மாணவிகள் இரண்டு பேர் வாசித்துவிட்டு மேசைக்கடியில் குனிந்து சிரித்ததை நானே கண்டேன். ஆகவே மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்து ஐந்தாறு வருடம் இருக்கும். புத்தளத்தில் ஒரு கணினி வகுப்பில் தட்டச்சுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அது என் தொழில். என் பெருமை வேறு இடத்தில் இருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஆளுக்கொரு பையோடு வந்து சேர்ந்தவர்களின் குடியிருப்பு எங்களுடையது. அதன் நலன்புரிச் சங்கத்துக்கு நான் செயலாளர். மின்சாரம், பாதை, கிணறு, வாக்காளர் பதிவு என்று எங்களுக்கு எது கிடைத்திருந்தாலும் அது மனுப் போட்டுக் கிடைத்ததுதான். மனு எழுதுவதில் என்னை மிஞ்ச கற்பிட்டி முதல் மதுரங்குளி வரை ஆளில்லை (என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்).

மனுவுக்கென்று ஒரு முறை இருக்கிறது. முதல் மனுவை யாரும் வாசிப்பதில்லை. அரசாங்கக் கந்தோரில் "ஒரு கிழமை கழிச்சு வாங்க" என்று சொன்னால் இனி வராதே என்று பொருள். அதற்கு மருந்து, அடுத்த நாளே போய் நிற்பது. அப்படியும் அசையாவிட்டால் அதே மனுவை ஒரு சொல்லும் மாற்றாமல் (மாற்றினால் முதலில் எழுதியது பொய் என்று ஆகிவிடும்) கையெழுத்துகளைக் கூட்டி, பள்ளிவாசல் சீல் குத்தி, மேலே இருக்கிற எல்லாருக்கும் பிரதி போட்டு அனுப்ப வேண்டும். இந்த முறையில் நாங்கள் ஒரு ட்ரான்ஸ்போமரையே வரவழைத்திருக்கிறோம்.

என் ராத்தாவை, அதாவது மூத்த சகோதரியைக் கட்டிய நவ்சாத் மச்சான் கண்டக்குழியில் சொந்தமாக ஒரு போட் வைத்துத் தொழில் செய்தார். கடலுக்கடியில் மீன் அடையும் பாறைத் திட்டைக் 'கல்லு' என்பார்கள். நுரைச்சோலை மின்நிலையப் புகைக்கூண்டும் ஒரு தென்னந்தோப்பின் முனையும் ஒரே நேரில் வந்தால் இந்தக் கல்லு, பள்ளி மினாராவும் இன்னொன்றும் நேர்பட்டால் அந்தக் கல்லு என்று கரையைப் பார்த்தே அவர்கள் கணக்குப் பிடிப்பார்கள். மூட்டம் போட்டால் ஒன்றும் தெரியாது. படித்த மச்சினன் சும்மா இருக்கலாமா? அவருடைய போனில் ஒரு கடல்வரைபட மென்பொருளைப் போட்டுக்கொடுத்தேன். உலகத்தில் பல நாட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுகிற திறந்த மென்பொருள் அது. அதன் நிரலை யாரும் பார்க்கலாம். பழுதான இடத்தைத் திருத்தி அனுப்பவும் செய்யலாம். கல்லுக்கு மேலே போட்டை நிறுத்தி, போனில் ஒரு தட்டுத் தட்டிப் பெயர் எழுதிவிட்டால், அடுத்த முறை போனே அங்கே கூட்டிக்கொண்டு போகும்.

வெள்ளைக்காரர்கள் இப்படியான இடங்களுக்குப் 'பாறை 1', 'பாறை 2' என்று பெயர் வைப்பார்கள் போலிருக்கிறது. எங்கள் மச்சான் வைத்த பெயர்கள் வேறு மாதிரி. 'ஹனீபா சம்மாட்டிட வலை கிழிஞ்ச கல்லு.' 'பெருநாளைக்கு மறுநாள் பாரை மீன் பட்ட இடம்.' 'இங்க வராதே.'

ஒரு நாள் காலையில் கடலில் வைத்து அவர் வழக்கத்தைவிட நீளமான ஒரு பெயரை எழுதினார். எழுதிய கையோடு, இரண்டு வருடமாகச் சேர்த்த நாற்பத்துமூன்று கல்லும் போனிலிருந்து மறைந்துவிட்டன.

ராத்தாதான் முதலில் என்னைப் பிடித்தாள். "என்னடா போட்டுக் குடுத்தாய் அந்த மனிசனுக்கு? வந்த நேரத்திலிருந்து சோறும் தின்னல்ல, ஒரு கதையும் இல்ல. கதிரையில இருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்."

மச்சான் ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. "நீ வேணுமெண்டா செஞ்சாய் தம்பி?" என்றார். "ஆனா சோளகக் காத்து ஓஞ்சு எல்லாரும் தொழிலுக்குக் கடல் இறங்கிறதுக்குள்ள சரிப்பண்ணித் தா. நான் செல்லித்தான் மத்தப் போட்காரரும் இதப் போட்டாங்க. அவங்கடயும் போச்செண்டா நான் கரையில முகம் குடுக்க ஏலாது."

"தாறன் மச்சான். வாக்கு."

பழுதை நான் கண்டுபிடித்தேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். பெயர் ஓர் அளவுக்கு மேல் நீண்டால் நிரல் அதைக் கத்தரித்துவிடும். ஆங்கில எழுத்து ஓர் இடம் பிடித்தால் தமிழ் எழுத்து மூன்று இடம், சில நேரம் ஆறு இடம் பிடிக்கும். கத்தரி ஒரு தமிழ் எழுத்தின் நடு வயிற்றில் விழுந்தால், மிச்சத்தை வாசிக்கத் தெரியாமல் நிரல் முழுப் பட்டியலையும் கெட்டது என்று தூக்கி எறிந்துவிடும். நான் கத்தரி விழும் இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். கை சும்மா இருக்கவில்லை. அந்தக் கோப்பில் கண்ணில் பட்ட இடைவெளிகளையெல்லாம் அழகுபடுத்தி, தலைப்பில் என் பெயரையும் 'செயலாளர், நலன்புரிச் சங்கம்' என்ற பதவியையும் எழுதி அனுப்பினேன்.

அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் யோஹான் என்று ஒருவர், எங்கோ ஒரு குளிர் நாட்டுக்காரர். அடுத்த நாளே பதில் எழுதினார். அருமையான கண்டுபிடிப்பு, நன்றி என்றார். கத்தரியைத் தள்ளி வைத்தால் இன்னும் நீளமான பெயருக்கு அதே கதிதான், எழுத்து முடியும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள் என்றார். அலங்காரத்தையும் பதவியையும் எடுத்துவிட்டு, இரண்டாம் பதிப்பு என்று குறித்து, முதலாவதிலிருந்து என்ன மாறியது என்று இரண்டு வரி எழுதி அனுப்பச் சொன்னார். "பதில் தாமதித்தால் ஒரு வாரம் கழித்து எனக்கு ஞாபகப்படுத்துங்கள். மாத முடிவில் புதிய வெளியீடு வருகிறது. இது அதில் சேர வேண்டும் என்று எனக்கும் ஆசை."

இவ்வளவு அன்பான கடிதம் அதற்கு முன் எனக்கு எந்த அதிகாரியிடமிருந்தும் வந்ததில்லை. நான் அதில் வாசித்தது ஒரே ஒரு வரியைத்தான். ஒரு வாரம் கழித்து.

'ஓகோ, அந்த ஆட்டமா' என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலை வகுப்புத் தொடங்குமுன் அதே திருத்தத்தை, ஒரு சொல்லும் மாற்றாமல், 'இரண்டாம் பதிப்பு' என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண், "இது முதலாவதைப் போலவே இருக்கிறதே, தவறிப் பழையதை அனுப்பிவிட்டீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள். பெரியவர் ஒளிந்துகொண்டு கிளாக்கரை முன்னால் விடுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது (அப்படி விளங்குவதற்கும் ஒரு தனி மூளை வேண்டும்).

பிறகு மற்றவர்களின் திருத்தங்கள் எப்படி உள்ளே போகின்றன என்று ஆராய்ந்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் 'சரிபார்த்தவர்' என்று எழுதி ஒரு பெயர் இருந்தது. சிலதில் இரண்டு. மிகப் பெரிய திருத்தம் ஒன்றில் மூன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று கையெழுத்தா? நாங்கள் தெருவிளக்குக்கே நூறு கையெழுத்துப் போடுகிறவர்கள்!

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் மேசை போட்டேன். முதல் ஆளாக நவ்சாத் மச்சானே கண்டக்குழியிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு வரிசை வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் மேசையைக் கண்டால் வரிசையில் நின்றுவிடுவார்கள். இருபத்தைந்து வருடப் பழக்கம்.

"என்னத்துக்குத் தம்பி இது?" என்றார் வரிசையில் நின்ற ஒரு காக்கா, அண்ணன் முறைக்காரர்.

"கடலுக்குக் கொண்டு போற போன் சாமான் ஒண்டு பழுது காக்கா. திருத்தச் செல்லி வெளிநாட்டுக்கு மனு."

"தண்ணி லைன் வருமா?"

"அதுக்கும் வேற போட்டிருக்கம்."

"அப்ப கொண்டா." போட்டுவிட்டுப் போனார். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டது 'தண்ணி லைன்' மட்டும்தான் என்று பிற்பாடு தெரியவந்தது. தர்மகர்த்தா சபைத் தலைவரிடம் போனபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆருக்கும் எதிரா இல்லையே?" இல்லை என்றேன். சீல் குத்திவிட்டார்.

மொத்தம் அறுபத்தொரு பேர். மூன்றாம் பதிப்பு இப்படித் தொடங்கியது: "கனம் ஐயா, கீழே கையொப்பமிட்டுள்ள புத்தளம் மாவட்டக் கரையோர வாசிகளாகிய நாம் தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் கொண்டுவருவது யாதெனில்..." அடியில் 'சரிபார்த்தவர்', 'சரிபார்த்தவர்' என்று அறுபத்தொரு வரி. அதில் ஒன்பது பேருக்கு மின்னஞ்சல் முகவரி இருந்தது, எல்லாரும் என் முதியோர் வகுப்பு மாணவர்கள். பள்ளிவாசல் சீலை ஸ்கேன் பண்ணி இணைத்தேன். அந்த மென்பொருளில் எங்கெல்லாம் ஒரு முகவரி கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் பிரதி போட்டேன். எட்டு வருடத்துக்கு முன்பே விலகிப் போன ஒரு பேராசிரியரும் அதில் அகப்பட்டுக்கொண்டார். திருத்தத்தில் மட்டும் கைவைக்கவில்லை. யோஹான் சொன்ன எழுத்து முடியும் இடம் அப்படியே கிடந்தது.

இனி வருவதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. யோஹான் கோபித்திருக்கலாம். சிரித்திருக்கலாம். அவர் நம்பினார்.

"எங்கள் வரலாற்றில் ஒரு திருத்தத்தை இத்தனை பேர் சரிபார்த்ததில்லை," என்று குழு முழுவதற்கும் எழுதினார். "எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஆனால் அறுபத்தொரு பேர் தங்கள் சொந்தப் படகுகளில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்போது, கரையில் உட்கார்ந்திருக்கும் நான் சந்தேகப்படுவது முறையல்ல." பரீட்சார்த்த வெளியீட்டில் என் திருத்தத்தைச் சேர்த்துவிட்டார். கூடவே, முகவரி இருந்த ஒன்பது பேருக்கும் நன்றி சொல்லி, எந்தப் போன், எப்படிச் சோதித்தீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதினார்.

இதைக் கேட்டு நான் ஒரு கிழமை தரையில் நடக்கவில்லை. பரீட்சார்த்த வெளியீட்டை மச்சானின் போனில் போட்டேன். அதற்குள் அவர், கடல் கொஞ்சம் அடங்கிய நாட்களில் கல்லெல்லாம் தெரிந்த வலை முதலாளி ஹனீபா சம்மாட்டியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய், பத்தொன்பது கல்லை மறுபடி தேடிப் பிடித்திருந்தார்.

பத்தொன்பதும் போய்விட்டன. இருபதாவதுக்கு அவர் வைத்த பெயர் முந்தியதைவிட இரண்டு சொல் நீளம்.

அன்று பின்னேரம் போனைக் கையில் பிடித்தபடி அவர் என் வகுப்புக்கே வந்தார். உடம்பில் கடல் உப்புக் காயவில்லை. அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, காரணம் தேடுகிற சாக்கில் கணினியைத் திறந்தேன். குழுவில் இரண்டு கடிதங்கள் வந்து காத்திருந்தன. ஒன்று வேறொரு நாட்டுப் பெண்ணுடையது. அவளுடைய மொழியும் எங்களுடையதைப் போலவே அதிக இடம் பிடிக்கிற மொழி. அவள் பட்டியலும் அழிந்திருந்தது. அவள் ஒன்றும் ஏசவில்லை. "அறுபத்தொரு பேர் பார்த்திருந்ததால் நம்பிப் போட்டுவிட்டேன்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

மற்றது எங்கள் ரவூப் சேருடையது. இளைப்பாறிய ஆசிரியர், பொய் சொல்லத் தெரியாத மனிதர், மின்னஞ்சல் அனுப்ப நான் பழக்கியவர்.

"கனம் ஐயா, தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். குடிநீர்க் குழாய்க்கான மனு என்று எண்ணியே கையொப்பமிட்டேன். என்னிடம் படகு இல்லை. கடல் எனக்கு ஒத்துக்கொள்வதுமில்லை. ஆயினும் மேற்படி இளைஞர் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதை உறுதிப்படுத்துகிறேன். குடிநீர் விடயத்தில் தாங்கள் ஏதும் செய்ய முடியுமாயின் கடமைப்பட்டவனாவேன்."

வாசிக்கும்போது என் முகம் எப்படிப் போனதோ, மச்சான் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார். "என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

"அந்த லிஸ்டில என்ட பேரும் இருக்கா?"

"ஓம் மச்சான். முதலாவது."

"நான் பார்த்துச் சரியெண்டு செல்லியிருக்கா?"

"ஓம்."

"நான் எங்க தம்பி பார்த்தன்? நீ நீட்டினாய், நான் போட்டன்." குனிந்து திரையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். "அப்ப அந்தப் பொம்பிளை என்னையும் நம்பித்தான் போட்டிருக்கு."

என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட நேரங்கள் நிறைய உண்டு. அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மனுவில் கையெழுத்து என்றால் எங்களுக்கும் வேண்டும் என்று அர்த்தம். இங்கே அது சாட்சி. அறுபத்தொரு பேரின் வாயால் நான் பொய்ச் சாட்சி சொல்லியிருந்தேன், அதுவும் பள்ளிவாசல் சீலோடு.

யோஹானின் கடைசிக் கடிதம் நாலு வரி. யாரும் சரிபார்க்கவில்லை என்று தெரிகிறது, திருத்தத்தை வெளியே எடுத்துவிட்டேன், இந்த வெளியீட்டில் இனி இடமில்லை என்றிருந்தது. நாலாவது வரி, "எண்ணிக்கையைப் பார்த்து நானும் மயங்கிவிட்டேன், அது என் பிழை." அந்த நாலாவது வரியை அவர் எழுதாமல் விட்டிருக்கலாம்.

நான் மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். கை தானாக 'கனம் ஐயா' என்று தொடங்கியது. அழித்தேன். 'தாழ்மையுடன்' என்று வந்தது. அதையும் அழித்தேன். அலங்காரமெல்லாம் போன பிறகு மிச்சம் மூன்று வரிதான் இருந்தது: நான் பொய்யாகப் பெயர் போட்டேன். அவர்கள் யாரும் பிழை செய்யவில்லை. நீங்கள் முதலில் சொன்னதை இப்போதுதான் வாசித்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "திருத்தத்தை மட்டும் அனுப்புங்கள். என்ன மாறியது என்று எழுதுங்கள். உண்மையில் சோதித்தவரின் பெயரை மட்டும் போடுங்கள்."

சோதிக்க யார் வருவார்? அறுபத்தொரு பேரில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. மச்சான்தான் வந்தார், அதுவும் ராத்தா துரத்தியபடியால். கண்டக்குழிக் கரையில், இழுத்து வைத்த போட்டின் நிழலில் இருந்து, ஒரு பழைய போனில் அவர் பெயர் பெயராக எழுதித் தள்ளினார். 'படிச்ச மச்சினன் போட்டுத் தந்து ரெண்டு தரம் அழிஞ்ச கல்லு' என்று எழுதினார். அது நின்றது. அதோடு 'அல்லாஹ் அவனுக்கு நல்ல புத்தியக் குடுக்கட்டும்' என்று சேர்த்தார். நாலாம் பதிப்பு அந்த இடத்தில் விழுந்தது. ஐந்தாம் பதிப்பு மூன்று நாள் தாக்குப்பிடித்து விழுந்தது. "இப்ப போடவா மச்சான் உங்கட பேர?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "அவசரப்படாதே, இன்னும் பார்க்கல்ல" என்பார்.

அதற்குள் சோளகம் ஓய்ந்துவிட்டது. மற்றப் போட்காரர்களிடம் அவரே வீடு வீடாகப் போய், "நீளப் பேர் வைக்காதீங்க, சாமான் இன்னும் சரியில்ல" என்று சொன்னார். எந்த முகத்தைக் கொடுக்க முடியாது என்று பயந்தாரோ அதே முகத்தோடு போனார். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். முதல் இரண்டு மாதமும் புகைக்கூண்டையும் தென்னந்தோப்பையும் பார்த்தே தொழில் செய்தார். மூட்டம் போட்ட நாட்களில் கரையிலேயே இருந்தார். அந்த நாட்களில் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆறாம் பதிப்பு உள்ளே போனது. அதன் அடியில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, நவ்சாத் மச்சானுடையது. அந்த மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்புகிறவர்களுக்கான வழிகாட்டியிலும் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது: 'சரிபார்த்தவர் என்பது ஆதரவாளர் என்று பொருள்படாது.' ஏன் அப்படி ஒரு வரி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். யாராவது ஒருவர் என் மூன்றாம் பதிப்பைக் காட்டுவார்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு நிக்காஹ் ஆனது. பெண்ணுக்கு ஊர் கனமூலை. பள்ளியில் சபை நிறைந்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன், மாமனார் போட்டார், சாட்சிக்கு நவ்சாத் மச்சானைக் கூப்பிட்டார்கள். அவர் பேனையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பதிவுப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பதிவாளர் இருமினார். மாமனார் மணிக்கூட்டைப் பார்த்தார். வெளியே சஹன் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், போடுங்களேன்," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பார்க்காமப் போட ஏலாது தம்பி," என்றார், முழுச் சபைக்கும் கேட்கிற குரலில். பிறகு என்னைக் காலிலிருந்து தலை வரை ஒரு முறை பார்த்து, பதிவாளரிடம் திரும்பினார். "மாப்பிள்ளைய நான் நல்லாச் சோதிச்சுப் பார்த்திட்டன் ஹாஜியார். ரெண்டு மூணு தரம் பழுதானதுதான். இப்ப ஓடுது." அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பக்கத்தார் வெடித்துச் சிரித்தார்கள். பெண் வீட்டார் ஒன்றும் விளங்காமல் முழித்தார்கள். அவர்களுக்கு ரவூப் சேர்தான் சோற்றுக்கு முன்னால் இருந்து, சீல் வரைக்கும் விடாமல், முழுக் கதையையும் சொல்லிக்கொடுத்தார். பின்னேரத்துக்குள் அது பெண்கள் பக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் தாலி கட்டப் போனபோது மணப்பெண் தலையைக் குனிந்திருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது.

இப்போது அவளுக்கு என்னில் கோபம் வந்தால் சத்தம் போடுவதில்லை. பாத்திரத்தை வைத்துவிட்டு என்னைக் காலிலிருந்து தலை வரை ஒரு பார்வை பார்ப்பாள். "உங்கட மச்சான்," என்பாள், "அண்டைக்கும் பார்க்காமத்தான் கையெழுத்துப் போட்டிருக்கார்."